நீலப் புள்ளி விழவில்லை

செண்பகனூர்,
12.8.1987

என் அன்பு அத்தானுக்கு,

நம் பாப்பா இன்று காலையில் இரண்டு கரண்டி பால் குடித்தாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பரிசோதனைப் பெட்டி வந்தது. குழந்தையின் மூக்குச் சளியை எடுத்து வைத்தால், மூச்சிரைப்பு தரும் வைரஸ் இருக்கும்போது கால் மணி நேரத்தில் நீலப் புள்ளி விழும். வடகவுஞ்சி ஜாஹிதாவின் கைக்குழந்தைக்குப் புள்ளி விழவில்லை. "வெறும் சளிதான், பயப்படாதீங்க" என்று நான்தான் சொன்னேன். தனியறை கொடுக்காமல் பொது வார்டில் படுக்க வைத்தேன். அவள் சாப்பிடப் போன நேரமெல்லாம் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அதே உடுப்போடு வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினேன்.

ஐந்தாம் நாள் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. நானே பரிசோதித்தேன். புள்ளி நன்றாக விழுந்தது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன், அத்தான்.

பெட்டியிலிருந்த தாளை டாக்டர் அப்போதுதான் முழுதாக வாசித்தார். நோயுள்ள பத்துப் பிள்ளைகளில் இரண்டு மூன்றை அது தவறவிடுமாம். ஜாஹிதாவின் பிள்ளைக்கு மறுபடி பார்த்தோம். இப்போது விழுந்தது.

இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்த கட்டிலில் ஆக்ஸிஜனில் இருக்கிறார்கள். பிழைத்துவிடுவார்கள் என்கிறார் டாக்டர்.

ஜாஹிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"வந்தன்னைக்கே இவன் மூச்சு சரியில்லன்னு சொன்னேன்ல சிஸ்டர்? நீங்க பெட்டியத்தானே பாத்தீக."

லீவு கேட்டு வெரசா வாருங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா