பொம்மையைவிட மெலிந்து

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ கத்துவாய், எனக்கும் மூச்சு வாங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மூச்சு வாங்குவது மாடிப்படியால்தான்.

நீ சொல்வதுபோல் நான் பட்டினி கிடக்கவில்லை. பசித்தால் வெந்நீர் குடிக்கிறேன், அவ்வளவுதான். என் தையல் கடையில் என் அளவுக்கு வைத்திருக்கும் பொம்மையின் இடுப்பளவை, அதிலுள்ள திருகைச் சுற்றிச் சுற்றிக் குறைத்தேன். இனி அந்தத் திருகு சுற்றாது. என் சட்டையை அந்த அளவைவிடவும் இறுக்கிப் பிடித்துத் தைக்கிறேன். வருகிற பெண்களெல்லாம், "எப்படிக்கா இப்படி இளைச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்று விடாமல் கேட்கிறார்கள்.

டாக்டரம்மா மட்டும், "சாப்பாடு இல்லாம உங்க உடம்பு இதயத்தையே திங்குதும்மா" என்றார். அவருக்கென்ன, பயமுறுத்துவதுதானே தொழில்! முடி கொட்டுவது இந்த ஊர்த் தண்ணீரால்.

சின்னவள் தொல்லைதான் தாங்கவில்லை. காலையில் கண் விழித்தால் என் மூக்கருகே அவள் விரல் இருக்கிறது. "என்னடி இது?" என்றால், "மூச்சு வருதான்னு பாத்தேம்மா" என்கிறாள். வாய்க்கொழுப்பைப் பார்!

நேற்று துணி வெட்டும்போது கொஞ்சம் கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். தையல் மிஷினுக்குக் கீழே, சின்னவள் உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில், துணியில் கோடு போடும் சாக்பீஸால் சுவரில் உன் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறாள். ஒரு எண்கூடத் தப்பில்லை.

அழிக்கலாமென்று ஈரத்துணியை எடுத்தேன். அழிக்கவில்லை அக்கா.

அவள் கூப்பிட்டால் உடனே எடு.

உன் தங்கை