ஜெயராணி சிரிக்காத படம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கடை போர்டு ஒரு பக்கம் கழன்று ஆடியது, ஸ்டூல் போட்டு ஏறி நானே கம்பி கட்டினேன். பாஸ்போர்ட் படம் ஒன்பது பேர். ஏழு பேர் கொஞ்சம் கலராக்கச் சொன்னார்கள். ஒரு பீகார்க்காரர், "தீதி, தோடா கோரா." எந்த மொழியில் வந்தாலும் கேட்பது ஒன்றுதான், வெள்ளையாக்கு.

மதியம் பொங்கலூரிலிருந்து ஒரு அம்மா. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் படம் வேண்டுமாம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எடுக்கறது யாருங்க? சார் இல்லீங்களா?"

சார் இல்லை. பதினாறு வருடமாக இந்தக் கடையில் நான்தான் சார்.

செய்ய வேண்டியவை:
- 85 லென்ஸ் துடைக்க. மறுபடியும் பஞ்சு. பனியன் கம்பெனிக்குள் லென்ஸைக் கழற்றாதே என்று எனக்கே எத்தனை தடவை சொல்வது.
- ஈரம் இழுக்கும் சிலிக்கா பாக்கெட் வாங்க.
- ரிங் லைட்டை யார் தலையிலாவது கட்ட. கண்ணுக்குள் ஒரு வெள்ளை வளையம், எல்லாருக்கும் ஒரே கண். பார்த்தாலே எரிகிறது.

நாளை கம்பெனியில் ஐடி கார்டு படங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள். ஏழு மணிக்கே போக வேண்டும்.

ஜூலை 9, புதன்

எழுதி வைக்கிறேன்.

கம்பெனி வாசல், ரிசப்ஷனுக்கு எதிரே ஆறடி போர்டு. அதில் ஜெயராணி. செக்கிங் டேபிளில் வேலை செய்யும் ஜெயராணி, நம் நல்லூர் லைன் வீட்டில் இருப்பவள். என் படம். போன வருடம் டீ இடைவேளையில், டியூப் லைட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தது. கையில் டம்ளர், வாய் இறுக மூடி, கண் நேராக லென்ஸில். நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

போர்டில் அவள் சிரிக்கிறாள்.

பல் தெரிய. மேல் வரிசை முழுக்க, டூத்பேஸ்ட் விளம்பரம் மாதிரி. கண் மட்டும் பழைய கண். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண் வரைக்கும் போகவில்லை. இதுகூடத் தெரியவில்லை இந்த முண்டங்களுக்கு. சிரித்தால் கீழ் இமை மேலே ஏறும், கன்னம் தூக்கும். படம் எடுக்கிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஹெச்.ஆர். பிரவீனைப் பிடித்தேன். பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. திங்கக்கெழமை ஃபாரின் பையருங்க வர்றாங்க. வாசல்லயே உம்முன்னு இருந்தா லேபர் ப்ராப்ளம்னு நெனைச்சுக்குவாங்கள்ல. ஏஐல ஒரே நிமிசந்தானுங்க."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அதுக்குத்தானுங்க்கா இந்த ஃபார்ம். உங்களுக்குப் பழக்கம்ங்கள்ல, நீங்களே ஒரு சைன் வாங்கிக் குடுத்துருங்க. அவங்க மாட்டேன்னா போர்டை எடுத்தர்றோம், ரூல்ஸ் அப்படித்தானுங்க."

இங்கிலீஷில் ஒரு தாள். சம்மதம். தேதி ஏற்கெனவே டைப் அடித்திருக்கிறது, போன வருடத் தேதி. கிழித்துப் போட்டிருப்பேன். கடைசி வாக்கியம் காதில் விழுந்ததால் மடித்துப் பையில் வைத்தேன். மாட்டேன் என்று ஜெ. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஐடி படங்கள் நாற்பத்திரண்டு. யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

காற்று. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. வேலை ஓடவில்லை.

ஒரிஜினலைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரிண்ட், கடை வாசல் கண்ணாடிப் பெட்டியிலேயே இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கோயம்புத்தூர் கண்காட்சிக்கு அனுப்பினேன். 'கம்பீரம்' என்று தலைப்பு வைத்தேன். ஒரு பெரியவர் அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்தேன்.

எரிச்சல்கள் (எழுதினால் குறையும் என்கிறார்கள், பார்ப்போம்):

போன் போர்ட்ரெய்ட் மோட். பின்னால் மங்கலாக்குகிறேன் என்று காதோர முடியைத் தின்றுவிடும். கேட்டால், 'நல்லாத்தானே இருக்குது.'

தோலை வழவழப்பாக்கும் பட்டன். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே வயது.

'சீஸ்.' அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால். முகம் என்பது கொஞ்ச நேரம் சும்மா விட்டால்தான் வரும். நான் காத்திருப்பேன். ஜெ. படத்துக்கும் அப்படித்தான், டீ ஆறுகிற வரைக்கும் காத்திருந்தேன். அவள் எப்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுபவள், கூச்சம். அன்றைக்குக் கையில் டம்ளர், மறைக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அமுக்கினேன்.

அதைப் போய்ச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

நாளை ஜெ. வீட்டுக்கு. ஷிப்ட் விட்டு ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

ஜூலை 11, வெள்ளி

போனேன். லைன் வீட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் சேர் போட்டாள். போனில் போர்டைக் காட்டினேன். அவளும் கோபத்தில் கொதிப்பாள் என்று நினைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட என்னிடம் தயாராக இருந்தது.

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"பல்லு நல்லா வச்சிருக்காவளே."

"ஜெயா, இது நீ இல்ல. பொய். நீ சிரிக்கவே இல்ல."

"தெரியும்லாக்கா. எனக்குத்தான் முன்பல்லு இல்லையே."

வாயை மறைத்திருந்த கையை எடுத்துக் காட்டினாள். மேலே இடது பக்கம், ஒரு பல் இருக்க வேண்டிய இடம் காலி. நாலு வருடம் முன்னால் பல்லடம் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட, கம்பியில் முட்டிப் போனதாம். அவ்வளவுதான். அதற்காகத்தான் கை, அதற்காகத்தான் மூடிய வாய். நான் அதற்குக் கம்பீரம் என்று பெயர் வைத்துக் கோயம்புத்தூர் வரை கொண்டு போயிருக்கிறேன்.

"பல்லு இருந்தா நா இப்பிடித்தான் இருப்பேன் போல. எங்க அம்மைக்கு அனுப்பணும், எனக்கு ஒண்ணு அனுப்பிவிடுங்கக்கா. ஃபார்ம் எங்க, கையெழுத்துப் போடுதேன்."

ஃபார்மை எடுத்துக் கொடுத்தேன். தேதி பொய் என்று மட்டும் சொன்னேன். பேனாவை வாங்கி அந்தத் தேதியை அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பத்தாவது வரை படித்தவள், நல்ல கையெழுத்து.

எழுந்துவிட்டேன். அப்போதுதான், வாளியைத் தூக்கிக்கொண்டே:

"அவிய லேட்டாவாவது தாளு குடுத்து கேக்காவ. உங்க கடை வாசல்ல என்னைய மாட்டி வச்சிருக்கியளே, எங்கிட்ட கேட்டியளாக்கா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சண்டைக்கும் இல்லை.

"உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

"ஊர்லருந்து வந்தப்ப அம்மை பஸ்ஸுலருந்து பாத்துட்டு அழுதுட்டா. எம்புள்ளைய என்ன கொடுமை பண்ணுதாவன்னு. ஒண்ணுமில்லம்மான்னா நம்பல. இப்பவும் தெனமும் அந்தப் பக்கம் பஸ் வந்தா நா குனிஞ்சுக்கிடுவேன்."

ஒரு வருடமாக. தினமும். என் கடை வாசலில்.

ஜூலை 12, சனி

ஃபார்மைப் பிரவீனிடம் கொடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸுங்க்கா," என்றவன் தேதியைப் பார்த்ததும், "என்னங்க்கா இது, அடிச்சிருக்குது." அவள் போட்ட தேதிதான் சரியான தேதி, வேண்டுமானால் வைத்துக்கொள், இல்லையென்றால் போர்டை எடு என்றேன். அவன்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் முன்பு மாதிரி நிமிர்ந்து நின்று கோபப்பட முடியவில்லை, அதனால் இன்னும் கோபம்.

கடைக்கு வந்ததும் முதல் வேலை, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து 'கம்பீரம்' பிரிண்டை எடுத்தேன். வெயில் பட்டுப் பின்துணி முழுக்க வெளுத்திருக்கிறது, அந்தச் சதுரம் மட்டும் பழைய நீலம். பக்கத்துத் துணிக்கடைக்காரர் தாண்டிப் போகையில், "ஏனுங்க, அந்தப் படத்த எடுத்துட்டீங்களா? நல்லா இருந்துச்சுங்களே."

ஆமாம். நல்லா இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வெளிச்சம் சரி, தூரம் சரி, ஃபோகஸ் கண்மணியில். எல்லாம் சரி.

கோயம்புத்தூருக்கு மெயில் எழுத. கண்காட்சி இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்ல.

பிரிண்டை என்ன செய்ய? சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று நின்றிருக்கிறது. வாடிக்கையாளர் இல்லை.

காலிச் சதுரம் உறுத்தியது. வேறு யாருடைய படத்தை வைத்தாலும் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்காமல் வைக்கக் கூடிய ஒரே முகம் என்னுடையது. ஜன்னல் ஓரம் ஸ்டூல், ட்ரைபாட், 85, டைமர் பத்து நொடி. ஓடிப் போய் உட்கார்ந்தேன்.

பதினோரு தடவை. வாயை என்ன செய்வதென்றே தெரியவில்லை. மூடினால் முறைப்பு. திறந்தால் அசடு. ஆயிரக்கணக்கான பேரிடம் 'ரிலாக்ஸா இருங்க' என்று சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு எரிச்சலான வார்த்தை! பத்து நொடியும் கன்னம் இழுத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு லைட் மினுக் மினுக் என்று.

உள்ளதில் மோசமில்லாத ஒன்றைப் பிரிண்ட் போட்டு நீலச் சதுரத்தில் மாட்டினேன். ட்ரைபாடை எடுத்து வைக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜெ. வந்தாள். சர்ச் முடிந்து, வெள்ளைச் சேலை. போர்டு படத்தை அம்மாவுக்கு அனுப்பித் தரச் சொல்ல வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"எக்கா, யாருக்கா இது? சண்டைக்கு வந்த மாமியா மாதிரி?"

"நான்தான்டி."

"அய்யோ!"

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, மூச்சு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள். ஒரு கையில் பைபிள், ஒரு கை ஸ்டூலைப் பிடித்தபடி. வாயை மறைக்கவில்லை. மேல் வரிசையில் இடது பக்கம் அந்த ஓட்டை. கன்னம் தூக்கி, கீழ் இமை ஏறி, கண்ணில் தண்ணீர். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். 85 அவளைப் பார்த்தபடி, ஃபோகஸ் அதே ஸ்டூலில். விரல் பட்டனில் இருந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

"ஜெயா, எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்க்கா."

விரலை எடுத்தேன். அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.