நேரம் போட்டுக் கொடுத்த குறிப்பு

என் பிரியமுள்ள சாலமன் அண்ணாவுக்கு,

கூப்பிட்டால் இனித் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். உங்களை அடக்கம் செய்து இன்றோடு ஒன்பது நாள். நானும் வந்திருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். உள்ளே வந்தால் அண்ணி என்னைப் பார்த்துவிடுவார் என்று பயம். பத்திரிகைக்காரர்களின் கேள்விக்கெல்லாம் முகம் கொடுத்துப் பழகியவளுக்கு ஒரே ஒரு முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கோயமுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அதிகாரிகள் சொல்வதைப் பத்திரிகைக்கு ஏற்ற பாஷையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. நீங்கள் ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். உங்கள் அப்பா அவிநாசிப் பக்கம் அடுத்தவர் காட்டில் பண்ணையம் பார்த்தவர் என்றும், அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நீங்கள்தான் என்றும் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

இங்கே நிறைய மாறிவிட்டது, அண்ணா. என் டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூலையில் வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அதற்கு மட்டும் தனி ஃபேன். என் அறைக்கு வெளியே நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த பெஞ்சையும் எடுத்துவிட்டார்கள். செய்திக்குறிப்பு ஃபேக்ஸில் போய்விடுகிறது, யாரும் நேரில் வரத் தேவையில்லை. யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. இது முன்னேற்றம் என்று போன வாரம் கூட்டத்தில் பேசினார்கள். நானும் கை தட்டினேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது, நினைவிருக்கிறதா? எந்தச் செய்திக்குறிப்பின் அடியிலும் வெளியிட்ட நேரம் என்று ஒரு இடம் விட்டிருக்கும். அதை நான்தான் பேனாவால் எழுதுவேன். ஆரம்பத்தில் ஒருமுறை, ஒரு பள்ளிக்கூடச் சுவர் இடிந்த விஷயத்தில், அந்த இடத்தை நிரப்பாமல் உங்களிடம் கொடுத்துவிட்டேன். மறந்துதான் போனேன். நீங்கள் அந்த இடத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். குறிப்பில் இருந்தது பாதிதான் என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பார்த்ததை எழுதினீர்கள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நேரம் போட்டிருந்தால் நம்பி எழுதலாம். போடாவிட்டால் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அரசாங்கத்துக்கு உண்மையாக இருந்த மாதிரியும் ஆயிற்று, ஊருக்கு உண்மையாக இருந்த மாதிரியும் ஆயிற்று என்று எனக்குள் ஒரு பெருமை. எவ்வளவு கெட்டிக்காரி நான்!

மூன்று வருடத்துக்கு முன், சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் ஊரில் வாந்தியும் பேதியும் பரவியது. மேல்நிலைத் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது என்று சுகாதாரப் பிரிவிலிருந்து காலையிலேயே போன் வந்தது. போனை எடுத்தவள் நான்தான். குறிப்பை அடித்தபோது, குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

அப்போதிருந்த மேலதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். மந்திரி வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்றார். சிலருக்கு வயிற்று உபாதை, குடிநீர் பாதுகாப்பாக உள்ளது, பொதுமக்கள் அச்சப்பட வேண்டியதில்லை. இவ்வளவு போதும் என்றார். ஆஸ்பத்திரி வார்டுக்குள் நிருபர்களை விடக்கூடாது என்றும் உத்தரவு.

நீங்கள் முதல் ஆளாக வந்தீர்கள். வார்டைப் பார்க்க அனுமதி கேட்டீர்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, நேரம் போடாத குறிப்பை எடுத்து நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி உள்கதவு வழியாக என் அறைக்குள் வந்து பீரோ ஓரம் நின்றார். வாசலில் நின்ற உங்கள் கண்ணுக்கு அவர் படவில்லை. ஒரு பத்திரிகை மட்டும் எப்போதும் சரியான இடத்துக்கே போய் நிற்கிறதே என்று அவருக்கு முன்பே ஒரு சந்தேகம்.

"ஏம்மா, நேரம் போடலையே?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

குறிப்பை உங்கள் கையிலிருந்து திரும்ப வாங்கினேன். பத்து நாற்பது என்று எழுதினேன். அதை எழுதும்போது நிமிர்ந்து உங்களை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அண்ணா. நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. என் இரண்டு பெண்களின் ஸ்கூல், வாடகை வீடு, அதற்கு முந்தின மாதம்தான் வேலை போயிருந்த என் கணவர், எல்லாம் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"சரிங்க அம்மணி, அப்ப நம்பி எழுதிப்போடறேனுங்க. வாரேன்," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் பெயரோடு முதல் பக்கத்தில் அது வந்தது. சோமனூர் பஸ் ஸ்டாண்டில் நன்றாக விற்றதாம்.

நான்கு நாள் கழித்து ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தறி ஓட்டுகிறவர், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்த மாலைப் பத்திரிகையைச் சின்னதாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவர் மனைவி செல்வி, பேதி பரவிய நாளிலிருந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் எல்லோருக்கும் கொடுத்து வந்திருக்கிறாள்.

"பேப்பர்லயே போட்டிருக்குதேன்னு அடுப்ப அமத்திப்போட்டாளுங்க. நேத்து அடக்கம் பண்ணிப்போட்டு வாரேன். ஏனுங்கம்மா, இது நீங்க சொன்னதுங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதையும் ஒப்புக்கொள்ளாமல், எதையும் மறுக்காமல் பதில் சொல்லத்தானே எனக்குச் சம்பளம். அதைப் பத்திரிகையில்தான் கேட்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். அவர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்ததும் நான் செய்ததுதான். காய்ச்சிக் குடிக்கவும் என்ற வரியோடு, அதே தேதி போட்டு, இன்னொரு குறிப்பு அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். ஃபைலில் இருந்ததை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். நிருபர் முக்கியமான வரியை விட்டுவிட்டு எழுதினார் என்று உங்கள் பத்திரிகைக்கு ஒரு மறுப்பு போனது. அதை எழுதியதும் நான்தான். மற்ற நிருபர்களிடம் இருந்த பிரதி ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவர்களுக்கும் நாளைக்கு எங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டுமே! ஒரு வாரத்தில் உங்கள் வேலை போய்விட்டது.

உங்களிடம் அசல் குறிப்பு இருந்தது. என் கையெழுத்தோடு, என் கை எழுதிய நேரத்தோடு. ஏன் அண்ணா அதை யாரிடமும் காட்டவில்லை? கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தீர்களே, அப்போதாவது எடுத்துக் காட்டியிருக்கலாமே? டவுன்ஹால் பக்கம் உங்களைத் தூரத்தில் பார்க்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை.

முந்தாநாள் அண்ணி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். பெஞ்ச் இல்லாததால் நின்றுகொண்டே பேசினார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பேச்சு நிற்பதற்கு முன் நீங்கள் என்னிடம் சேர்க்கச் சொன்னதாம். உள்ளே அந்தக் குறிப்பு, மடிப்பெல்லாம் நைந்துபோய்.

"உங்களை ஒருநாளும் கொறை சொன்னதில்லைங்க. அந்த அம்மணி வேணும்னு போட்டிருக்காது, ஆராச்சும் பக்கத்துல நின்னிருப்பாங்க, இது வெளிய போனா ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வெச்சுட்டு அது என்ன பண்ணும்னுதான் சொல்லுவாருங்க."

அண்ணி திட்டியிருக்கலாம், அண்ணா. என் மூஞ்சியில் காறித் துப்பியிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நேற்று இப்போதைய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஓர் இரங்கல் செய்தி எழுதித் தரச் சொன்னார். மூத்த பத்திரிகையாளர், பண்பாளர், அன்னாரின் மறைவு ஈடு செய்ய முடியாதது, நாலு வரி போதும் என்றார். அவர் புதியவர், எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் எழுதிய ஒரு வார்த்தைகூட உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வர மாட்டேன் என்றது. அதனால் உறையை எடுத்துவிட்டுப் பழைய டைப்ரைட்டரில் இதை அடிக்கிறேன்.

இதனால் யாருக்கு என்ன ஆகப் போகிறது? செல்வி எழுந்து அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை. உங்கள் பெயர் மறுபடி எந்த முதல் பக்கத்திலும் வரப் போவதில்லை. இதைப் போடுவார்களா என்பதும் சந்தேகம்தான், எல்லாப் பத்திரிகைக்கும் அரசாங்க விளம்பரம் வேண்டும். போட்டால் என் வேலை போகும். என் பெண்களிடம் இன்று ராத்திரி நானே சொல்ல வேண்டும். நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த சோற்றில் நானே மண்ணைப் போடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நம்பலாம். இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு இன்றைக்கே சோமனூர் பஸ் ஏறுகிறேன். அந்தத் தறிக்காரர் கேட்ட கேள்விக்கு, ஆமாம், நான் சொன்னதுதான் என்று அவர் வாசலில் நின்று சொல்வேன். அசல் குறிப்பின் நகலோடு மீதிப் பிரதிகளை ஒவ்வொரு பத்திரிகையிலும் என் கையால் கொடுப்பேன். இந்த முறை என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை, அண்ணா.

நீங்கள் அம்மணி என்று கூப்பிட்ட தங்கை,
சரஸ்வதி
செய்திப் பிரிவு, கோயமுத்தூர்

வெளியிட்ட நேரம்: காலை 10.40