தூரக் கரைத் தண்ணீர்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

மித்துக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். சங்கமித்ரா என்று உன் முழுப் பேரை எழுதித்தான் தொடங்கினேன். அதைப் பார்த்தால் போலீஸ்காரர் கொடுத்த பேப்பர் ஞாபகம் வருகிறது. அடித்துவிட்டு, கூப்பிடுகிற பேரையே எழுதிவிட்டேன். நீ இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று புத்தர் படத்துக்கு முன்னால் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம். அப்பா ஆட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் வைட்ஃபீல்டு வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன். மெட்ரோவில் இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றுவதில்லை. நீ வைத்த கறிவேப்பிலைச் செடி துளிர்த்திருக்கிறது.

அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வாயால் சொல்ல முடியாத காரியம் ஒன்று செய்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ராஜஸ்தான் உப்பு ஏரியிலிருந்து உன்னோடு உன் பையும் வந்தது. உன்னோடு வேலைக்கு வந்த லவினாவுக்குக் காய்ச்சல் என்று அவளை லாட்ஜில் படுக்க வைத்துவிட்டு, நீ மட்டும் வாடகை ஜீப்பில் தண்ணீர் எடுக்க ஏரியின் தூரக் கரைக்குப் போனாயாம். திரும்பும்போது ஜீப் கவிழ்ந்தது. ஓட்டியவரும் பிழைக்கவில்லை. ஆனால் பைக்குள் இருந்த கண்ணாடி பாட்டில் ஒன்றில்கூட விரிசல் விழவில்லை. உன் நீலத் துப்பட்டாவில் சுற்றிச் சுற்றி, மேலே ஸ்வெட்டரை அமுக்கி வைத்திருந்தாய். அவ்வளவு பத்திரமாக நீ கொண்டுவந்ததை நான் வீட்டுக்குள் வைத்து உடைத்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. துப்பட்டாவை ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று உருவினேன். கடைசிச் சுற்றில் ஒரு பாட்டில் இருந்திருக்கிறது. துப்பட்டாவோடேயே தரையில் மோதி உள்ளேயே உடைந்தது. தண்ணீர் பூராவும் துணியின் ஒரு முனையில் ஊறிவிட்டது. இங்கிலீஷில் நீ எழுதி ஒட்டியிருந்த சீட்டு மட்டும் கிழியாமல் இருந்தது.

அன்று சாயங்காலம் லவினா பாட்டில்களை வாங்கிப்போக வருவதாக இருந்தது. ஒடைஞ்சுபோச்சும்மா என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. நான் வேலை செய்த வீடுகளில் உடைத்துவிட்டேன் என்று சொன்னால் மறுநாள் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். ஷாம்பு கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். நம் வீட்டு ஷாம்புவுக்கும் அப்படியே செய்வேன், நுரையே வரல என்று பாத்ரூமிலிருந்து நீ கத்துவாய். அந்தக் கைதான் அன்றும் தானாக வேலை செய்தது.

பையில் காலி பாட்டில் ஒன்று இருந்தது. குழாய்த் தண்ணீர் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று அல்சூர் ஏரிக்குப் போய், படி ஓரத்துப் பாசியோடு மொண்டு வந்தேன். உப்பேரித் தண்ணீர் ஆயிற்றே என்று கல் உப்பு போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டேன். உன் பாட்டில்களில் காயத்துக்குப் போடும் மருந்து வாசனை அடித்தது, நிறமும் அதே பழுப்பு. அலமாரியில் இருந்த அந்த மருந்தையும் நாலு சொட்டு விட்டேன். உன் சீட்டை உரித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். துப்பட்டாவைத் தலையணைக்குக் கீழே மறைத்துவைத்தேன். லவினா வந்து பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம், மித்து. பாட்டில்தான் பொய்.

அதற்குப் பிறகு விகாரையில் பஞ்சசீலம் சொல்லும்போதெல்லாம், பொய் பேசமாட்டேன் என்ற நாலாவது வரும்போது என் வாய் மட்டும் அசையும்.

போன வாரம் உங்கள் லேப் வீணா மேடம் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். மேடம் கன்னடத்தில்தான் பேசினார், மெதுவாகப் பேசினார். பாதி நீ வீட்டில் சொன்னதுதான். டயாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத பாசி, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். உப்பு ஏறின தண்ணீரில் ஒரு வகை, சாக்கடை கலந்த தண்ணீரில் வேறு வகை. எது எத்தனை என்று எண்ணினால் ஏரிக்கு உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும். பாசி எண்ணுறதுக்கு எதுக்குடி ராஜஸ்தான், நம்ம வீட்டுத் தண்ணி சம்ப்ல எட்டிப் பாரு என்று அப்பா உன்னைக் கிண்டல் செய்வார். ஒங்க சம்ப்புக்கு ஒடம்பு சரியில்லப்பா, அதுக்கு டெஸ்ட்டே வேணாம் என்பாய். முழங்கால் ஆழம்கூட இல்லாத ஏரி, ஒரு பக்கம் ஊர்ச் சாக்கடை கலக்கிறது, அது தூரக் கரை வரைக்கும் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு ம், ம் என்றேன். காதில் வாங்கியிருந்தால் அல்சூர் தண்ணீரை மொண்டிருக்க மாட்டேன்.

தூரக் கரை பாட்டிலில் உப்புத் தண்ணீரில் வாழ்கிற வகை ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஊர்க் குட்டையில் இருக்கிற வகை என்றார் மேடம். தண்ணீரை அவர்கள் பார்ப்பதே இல்லையாம். ஆசிட்டில் கொதிக்க வைத்து அலசிவிட்டால் ஓடு மட்டும்தான் மிஞ்சுமாம். நாக்கில் வைத்து வைத்து நான் போட்ட உப்பை யாரும் பார்க்கவில்லை.

மேடம் உன்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பாவம், சின்னப் பெண், அந்த வெயிலில் தனியாக, பாதி வழியில் ஏதோ குட்டையில் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பாள், நாங்கள் தப்பாக நினைக்கவில்லை என்றார். அன்று நீ எடுத்த மற்ற பாட்டில்களையும் நம்ப முடியாது, அந்த நாளையே ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்றார். நீ எந்தக் கரைக்குப் போய்த் திரும்பும்போது செத்தாயோ, அந்தக் கரைக்கு நீ போகவே இல்லை என்று முடிவாகிவிட்டது. நான் செய்ததற்கு உன்னை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எம் பொண்ணு அப்படிச் செய்யற பொண்ணு இல்ல மேடம் என்று அப்பா குரலை உயர்த்தினார். ஆனால் திரும்பும்போது சிவாஜிநகர் தாண்டி ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார், அந்த வெயில்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க, இல்ல? என்று. உன் அப்பாவும் நம்ப ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் லவினாவிடம் போனேன். லேப் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். ஷாம்பு பாட்டில் மாதிரியா ஆன்ட்டி என்றாள் அவள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அம்மா தையல் வேலை செய்கிறாள் என்று சொல்லு, வீட்டு வேலை என்று லேப்பில் சொல்லாதே என்று உன்னிடம் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய்.

தண்ணி எதுல கொட்டுச்சு ஆன்ட்டி என்று கேட்டாள். துப்பட்டாவில் என்றேன். அய்யோ, தொவைச்சுட்டீங்களா என்றாள். அதை நான் எப்படித் துவைப்பேன்? தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குகிறேன். உன் வாசனை இருக்கிற துணி வேறு எதுவும் மிச்சமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த உயிர் போனாலும் கண்ணாடி ஓடு மக்காது ஆன்ட்டி, துணியில் ஒட்டியிருக்கும், அலசிப் பார்த்தால் அவள் எங்கே போனாள் என்று அதுவே சொல்லிவிடும் என்றாள்.

கொண்டுபோனேன். உப்புப் பூத்து விறைத்திருந்த முனையை மட்டும் சுத்தத் தண்ணீர் பேசினில் அமுக்கினாள். மறு முனை நனையாமல் நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பிழியப் பிழிய, விட்டுவிடு என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. படகு மாதிரி ஒன்று, பல் உடைந்த சீப்பு மாதிரி ஒன்று. இதெல்லாம் அந்த உப்பேரிக்காரங்க ஆன்ட்டி, நம்ம ஊர்ல கிடைக்காது, மித்து அங்கதான் நின்னிருக்கா என்று லவினா சத்தம் போட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடத்திடமும் நடந்ததைச் சொன்னேன். அந்த நாளை ரிப்போர்ட்டில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், உன் பேரோடு. உடைந்த பாட்டிலை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்க முடியாதாம். அது உடைந்தது என்று ஒரு வரி போடுவார்களாம். அம்மா உடைத்தாள் என்று போடுங்கள் மேடம் என்றேன். உடைந்தது, அஷ்டே, அவ்வளவு போதும் என்றார்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று காலை விகாரைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார், தெரியாத சவாரியைக் கூட்டிப்போவது போல. கூட்டிப்போனாரே, அது போதும். நாலாவது சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் வரவில்லை.

துப்பட்டாவின் நனையாத முனையில் இன்னும் கொஞ்சம் நீ இருக்கிறாய். இனி யார் வரும்போதும் அதை மறைக்கமாட்டேன்.

நீ இனி எங்கே பிறந்தாலும், உடைத்ததை உடைத்தேன் என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய வீட்டில் பிறக்கவேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருத்தி உனக்கு அம்மாவாக வரவேண்டும்.

உன்னைத் தலைகுனிய வைத்த,
அம்மா

லவினாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன். அந்த ஷாம்பு கதையை அவளிடம் சொன்னபோது நீ சிரித்தாயா மித்து, இல்லை வெட்கப்பட்டாயா?