வலப்பக்கம் குத்திய பதக்கங்கள்

பதக்கம் துலக்கிய பாலிஷ் வாசனை சோப்பு போட்டும் விரலை விட்டுப் போகவில்லை. குடியரசு தினத்துக்கு முந்தின நாள் வீட்டையே நாறடிப்பது உங்கள் பொறுப்பு. இந்த ஆண்டு அது எனக்கு வந்துவிட்டது.

ஒரகடத்தில் நீங்கள் செக்யூரிட்டியாக நின்ற கம்பெனியில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் நினைவாகப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்தவரை கேட்டில் நிறுத்தி, வேலைக்கு வருகிறவர்களின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொன்னவர்கள், மரியாதை தெரிந்தவர்கள்தான்.

பனிமலைக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று, நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் சேர்த்து ஒன்று. "நன்னடத்தைன்னு குடுத்தவங்க உங்ககூட ஒரு நாள் குடித்தனம் பண்ணிப் பாத்தாங்களா?" என்பேன்.

"அதுக்குத் தனி மெடல் கீது. உனுக்குத்தான் வரணும்" என்பீர்கள்.

போன வருஷம் ஷிப்டுக்கு வந்த ஒருவர், "இன்னா சார், ஸ்போர்ட்ஸ்ல வாங்கினதா?" என்று கேட்டாராம். "ஓட்டப்பந்தயம்பா. ஓடாம நின்னதுக்குக் குடுத்தாங்க" என்றீர்களாம், முகம் மாறாமல்.

குத்திவிடுவது என் வேலை. எதிரே நின்று, உங்கள் இடப்பக்கம், சட்டைப்பைக்கு மேலே. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் பக்கம் மாற்றிக் குத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏய், அது செத்தவனுக்காக அவன் வூட்ல இருக்கறவங்க குத்திக்கிற பக்கம். வாங்கினவன் உயிரோட நிக்கிறான், பாரு."

பார்த்தேன். நின்றீர்கள்.

இன்று காலை கண்ணாடி முன்னால் முதலில் இடப்பக்கம்தான் குத்தினேன். பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், பழக்கமில்லை. அவை இடப்பக்கம் இருக்கிறவரை நீங்கள் ஷிப்டுக்குப் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. கழற்றி வலப்பக்கம் மாற்றினேன்.

கேட்டில், உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் தடுத்தார். "எம்மா, சைடு மாறிப்போச்சு. லெஃப்ட்ல குத்தணும்."

"சரியாத்தான் குத்தியிருக்கேன். அவரு செத்துட்டாரு."

இத்தனை மாதங்களில் அதை நான் வாயால் சொன்னது அப்போதுதான். மெட்டல் டிடெக்டர் கத்தியது. விதிப்படி புது ஆள் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார். நீங்களாக இருந்தால் கழற்றச் சொல்லியிருப்பீர்கள்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. எதிரே நின்று கழற்றிவிடுவதும் என் வேலையாகத்தானே இருந்தது. இப்போது எந்தப் பக்கம் நின்று கழற்றுவதென்று தெரியவில்லை. கனம் தாங்காமல் சேலை ஒரு பக்கம் சரிய, அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.