இரண்டு வாக்குமூலங்கள்

பரணிலிருந்து இறக்கிய பழைய ஃபைலைப் பிரித்ததும் கார்பன் தாளின் வாடைதான் முதலில் வந்தது. உள்ளே உன்னுடைய வாக்குமூலங்கள் இரண்டு. முதலாவதில் உன் கையெழுத்து. எட்டாவது வரை படித்தவன் என்ற பெருமையோடு கடைசி எழுத்தை வளைத்து இழுத்திருக்கிறாய். நான்கு வருடம் கழித்து எழுதிய இரண்டாவதில் இடது பெருவிரல் ரேகை மட்டும். இரண்டையும் டைப் செய்தவன் நான்.

என்றாவது என்மேல் பழி வந்தால், மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்று காட்டுவதற்காக இந்த நகல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் வந்து கேட்கவில்லை. போன மாதம் ஆவடி ஸ்டேஷனில் உன் மச்சானைப் பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கேட்டவுடன் எனக்கு நினைவு வந்தது உன் முகம் அல்ல, இந்த ஃபைல்.

அந்நாளில் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது மரியாதை சேர்த்தால் இன்னொரு பொய்யாகிவிடும்.

மண்ணூர்பேட்டையில் நம் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு ஷிஃப்டில் கேட்ட அளவு தகடு விழாது. அதனால் வலது பட்டன் இடுக்கில் அது அழுந்தியே இருக்கும்படி ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகி வைக்கச் சூப்பர்வைசர் சொல்வார். இடது கை அழுத்தும், வலது கை தகடு வைக்கும். எல்லாருக்கும் தெரியும். ஆபீஸில் உட்கார்ந்து மாதாந்திர அறிக்கையில் 'பாதுகாப்புச் சாதனங்கள் சரியாக உள்ளன' என்று எழுதிய எனக்கும் தெரியும்.

பக்கத்து மிஷினில் அந்தோணிக்கு நான்கு விரல் போனபோது, பார்த்த ஒரே ஆள் நீ. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதற்குள் உன்னைத் தயார் செய்யும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். எம்.ஏ. படித்த ஆள், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் என்றார். எனக்கு அது பாராட்டாகப்பட்டது.

மூன்று நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கேன்டீனை ஒட்டிய ஸ்டோர் ரூமில் நான் இன்ஸ்பெக்டராக உட்கார்வேன். நீ நிற்பாய்.

"கட்டையை வெச்சது யாரு?"

"அந்தோணிதான் சார்."

"இவ்வளவு வேகமா சொல்லாதே. ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. கீழே பாரு, மனசுக்குள்ள மூணு எண்ணு, அப்புறம் சொல்லு. அவன் உன் சிநேகிதன். சொல்ல வலிக்கணும்."

"நெஜமாவே வலிக்குது சார்."

"நல்லது. அதை அப்படியே வெச்சுக்கோ."

இதைச் சொன்னது நான்தான். மேனேஜர் அந்த அறையிலேயே இல்லை.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. அந்தோணியின் அஜாக்கிரதை என்று எழுதினார்கள். அதன்பிறகு நீ நசரத்பேட்டைப் பக்கம், அவன் வீடு இருந்த தெரு வழியாகப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். கட்டை மட்டும் ஒரு வாரத்தில் பட்டன் இடுக்குக்குத் திரும்பி வந்துவிட்டது.

நான்கு வருடம் கழித்து உன் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஐந்தாம் நாள் பிரீஃப்கேஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "சாரு வந்துகிறாரு பாரு" என்று உன்னை எழுப்பினாள். நான் காகிதத்தை எடுப்பதற்குள் நீ சிரித்தாய்.

"பேப்பர உள்ள வைங்க சார். எனக்குத்தான் மனப்பாடமாச்சே. கட்டைய நாந்தான் வெச்சேன். சூப்பர்வைசரு பாக்கல. கரீட்டா கீதா சார்?"

"கரெக்ட்தான்."

"மூணு எண்ணணுமா? இப்ப யாருக்கோசரம் சார் வலிக்கணும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். நீதான் என் சங்கடத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாய்.

"வேல போவாதில்ல சார்? ரெண்டு பொண்ணு கீது."

"போகாது. மேனேஜர் சொல்லியிருக்கார். கேட்ல வர்றவங்களுக்கு அட்டெண்டன்ஸ் டோக்கன் எடுத்துக் கொடுக்கிற வேலை."

மேனேஜர் என்னிடம் சொன்னது, "அவன்கிட்ட என்ன வேணா சொல்லிக்கோ, கையெழுத்து வந்தாப் போதும்" என்பது மட்டும். அதைச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிப் படியேறும்போது எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். என்னை நான் நம்பியதே இல்லை. அன்றைக்கு மட்டும் நம்பினேன்.

இந்தத் தடவை வந்த இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். உன் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உன்னிடம், "யாராவது சொல்லிக் கொடுத்தாங்களாப்பா?" என்றார். நீ கட்டுப்போட்ட கையால் என்னைக் காட்டினாய்.

"இவரா? படிச்ச மனுசன் சார். அதெல்லாம் செய்ய மாட்டாரு."

அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அன்று இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். "பாதுகாப்புச் சாதனத்தை வேணும்னே கெடுத்ததா அவனே ஒத்துக்கிட்டிருக்கான். ரூல்படி டிஸ்மிஸ். சார்ஜ் ஷீட் ரெடி பண்ணு" என்றார்.

"டோக்கன் வேலை தர்றதா சொல்லியிருக்கேன் சார்."

"யாரு சொன்னது? நீ சொன்னே. ஒத்தக் கையால டோக்கன் குடுத்தா காலைல கேட்ல க்யூ நிக்கும்யா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உத்தரவு வந்தால் என் முகம் தானாகச் செய்யும் காரியம் அது.

டிஸ்மிஸ் செய்யுமுன் கம்பெனி நடத்தும் உள் விசாரணைக்கு நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். சட்டைப் பித்தான்களை உன் மனைவி போட்டு விட்டிருக்க வேண்டும். டோக்கன் வேலைக்கான ஏற்பாடு என்று நினைத்துத்தான் வந்திருந்தாய். நோட்டீஸில் நான் போட்டிருந்த ஆங்கிலத்தை உனக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. கம்பெனி தரப்பில் கேள்வி கேட்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் உனக்கு மெல்ல விளங்கியது. மேஜைக்கு அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தாய்.

"சார், இந்த தபா இன்னா சொல்லணும்?"

கிண்டல் இல்லை. பயமும் இல்லை. ஸ்டோர் ரூமில் கேட்ட அதே குரல். சொல்லிக்கொடுத்தால் அப்படியே சொல்லியிருப்பாய்.

'கட்டையை வைக்கச் சொன்னது சூப்பர்வைசர் என்று சொல்.' நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். பிறகு முதல் கேள்வியைப் படித்தேன். "இந்த வாக்குமூலத்தில் இருப்பது உங்கள் கைரேகைதானா?"

"ஆமா சார்" என்றாய்.

நான் ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எந்த விசாரணை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே எழுதி, கேள்விக்கு எதிரே பதில் போட்டு வைப்பது இன்னும் என் பழக்கம். மகன் கேட்கக் கூடியது, டாக்டர் கேட்கக் கூடியது, எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது.

அதில் 'இந்த தபா இன்னா சொல்லணும்?' என்ற உன் கேள்வியையும் எழுதியிருக்கிறேன். எதிரே பதில் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். எந்தப் பதிலை எழுதிப் பார்த்தாலும் கடைசியில் அது என்னைத்தான் காப்பாற்றுகிறது.