சிப்பிக்கு வைத்த வெளிச்சம்

ஏக்ரன், ஒஹையோ
அக்டோபர் 28

தம்பி வெர்னனுக்கு அக்கா நொரீன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன். அலாஸ்காவில் அதற்குள் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம்.

அம்மாவை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். நீ அனுப்பிய வெள்ளைப் பூ வளையம்தான் வந்ததிலேயே பெரியது. பாதிரியார் உன்னை விசாரித்தார். எண்ணெய்க் கிணற்றில் லீவு தரவில்லை என்று சொன்னேன். நீ லீவு கேட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

உன் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கடல் சிப்பி நன்றாக இருக்கிறது. அதைத்தானே முதலில் தேடுவாய். மே மாதம் நீ கிளம்பிப் போனபின், ஜூனில் அங்கிருந்தே பார்சலில் வரவழைத்தாயே, அப்போது என் கட்டைவிரல் அளவுதான். நீ எழுதி வைத்துப் போனபடியே செய்தேன். தோள்வரை கையை உப்புத்தண்ணீரில் விட்டு, முதலில் அடி மணலில் வைத்தேன், விளக்குக்கு எட்டத்தில். பிறகு நடுப்பாறை. ஆகஸ்டில் உச்சிப்பாறை, விளக்குக்கு நேர் கீழே. சிப்பி தன் சதை உதட்டை அகல விரித்தால் வெளிச்சம் போதும், ஓடு வாய் பிளந்து கிடந்தால் ஆபத்து என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு எது ஆபத்து என்று எழுதிவைக்க உனக்கு நேரமில்லை.

அதே ஆகஸ்டில்தான் அவளால் மாடி ஏற முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலை முன்னறையில், உன் தொட்டிக்கு எதிரே போட்டோம். வேறு இடம் ஏது? அந்த நீல வெளிச்சம் அவளுக்குக் கண் கூசியது. விளக்கின் பொத்தானை அழுத்திக் குறைத்தேன். அரை மணியில் பழையபடி ஏறியது. மறுபடி குறைத்தேன், மறுபடி ஏறியது. "அவன்தான்டீ. அங்கேருந்தே போன்ல வெளிச்சத்தக் கூட்டுறான்" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன். எரிச்சலில் ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பத்தே நிமிடத்தில் நீ கூப்பிட்டாய். நாலு மாதத்தில் முதல் தடவை. "சிப்பி இருட்டுல கெடக்குதே, என்னாச்சு?" என்றாய். அம்மாவுக்குக் கண் கூசுகிறது என்றேன். "கட்டிலத் திருப்பிப் போடுக்கா. வெளிச்சம் இல்லேன்னா அது செத்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

கட்டிலைத் திருப்பப் போனேன். அம்மா விடவில்லை. "பிளக்க மாட்டு. எரிஞ்சா எரியட்டும். அந்தச் சாக்குலயாவது வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கான்ல."

அதன்பிறகு கண்ணில் ஈரத்துணி போட்டாலும் தள்ளிவிடுவாள். காலையில் விளக்கு ஏறத் தொடங்கும்போது "எந்திரிச்சிட்டான்" என்பாள். "மகன் தெனமும் குட்மார்னிங் சொல்றாரு போல" என்று நர்ஸ் மெரில் கேலி செய்தால் போதும், முகமெல்லாம் பெருமை. கண்ணில் நீர் வழிய வழிய அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசிக் காலையிலும் அப்படித்தான்.

தொட்டியை இனி என்னால் பார்க்க முடியாது என்று, சனிக்கிழமை வளர்ப்பு மீன்கடை லைலை வரவழைத்தேன். விளக்கை யார் எப்போது கூட்டிக் குறைத்தார்கள் என்ற கணக்கை அவர் தன் போனில் திறந்து பார்த்தார். "ஒந்தம்பி கெட்டிக்காரன், நொரீன். மே மாசமே எல்லாத்தையும் போட்டு வெச்சிட்டுப் போயிருக்கான். அதுக்கப்புறம் யாருமே தொடல. தானா ஏறுது, தானா எறங்குது. நீ கொறச்சாலும் அதுவா சரி பண்ணிக்கும். கரண்டு போனா மட்டும் அவன் போனுக்குச் சேதி போகும்" என்றார். நான் தேநீர் போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை லைல் சிப்பியை எடுத்துப் போகிறார். நூல் விட்டுப் பாறையைப் பிடித்திருக்கிறதாம், பிய்த்தால் பிழைக்காதாம், பாறையோடு கொண்டுபோகிறார். நீ கவலைப்படாதே.

கையுறை இல்லாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

எனக்கு ஒரே ஒரு வரி எழுது, வெர்னன். ஏதோ ஒரு காலையிலாவது அந்த விளக்கை ஏற்றியது உன் கைதான் என்று எழுது. பொய் என்று தெரிந்தாலும் நம்பிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
நொரீன்